பைக்கு ஒரு ஆள்

ஏங்க, அந்தப் பெரிய பையக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி விடுங்க. ஆங், அம்புட்டுதான். காலுக்கு அண்டக் குடுத்து வச்சாதான் எனக்கு நிம்மதி. நீங்களும் நிழலுக்குள்ள வந்து உக்காருங்க, வெயிலு ஏறுது. தமிழ்தானே? இப்ப போன்ல ரெண்டு வார்த்தை பேசுனீங்கள்ல, காதுல விழுந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. இந்த ஹேவ்லாக் தீவுக்கு வந்து ரெண்டு நாளாச்சு, வாயத் தொறந்து பேச ஒரு ஆள் இல்ல. எந்த ஊரு? சேலமா? நாங்க விருதுநகர்.

உங்களுக்கும் இந்தக் கறுப்பு ரப்பர் சட்டைய மாட்டி விட்டுட்டாங்களா? எனக்கு இத மாட்டுறதுக்குள்ள உசுரு போயிருச்சு. ரெண்டு பொம்பளைங்க ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்தாங்க. இதுக்குள்ள மனுஷி மூச்சு விடுறதே பெரிய பாடு. அப்ப கடைசி பேட்ச்ல ரெண்டு பேருன்னு டைவிங் கடையில இருக்குற ரோஸ்லின் சொல்லுச்சே, அந்த இன்னொரு ஆள் நீங்கதானா? நல்லதாப் போச்சு. ஆளுக்கு ஒரு வாத்தியாராம், கையப் புடிச்சுக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்களாம், நீச்சல் தெரியாட்டியும் பரவாயில்லையாம். ஆனா இன்னைக்கு நம்ம பேட்ச்தான் கடைசி. பதினோரு மணிக்கு மேல தண்ணி எறங்கிருமாம், பாறையெல்லாம் வெளிய வந்துருமாம். அதுக்கு மேல நாளைக்குத்தான்.

ஒரு நிமிஷம். அந்தா தென்னந்தோப்புப் பக்கம் வெள்ளச் சட்டை போட்டு ஒருத்தர் வர்றாரே, மொட்டைத்தலையா பாருங்க. இல்லையா? அப்ப அவரு இல்ல. எங்க வீட்டுக்காரரத்தான் பாக்குறேன். கோவிச்சுக்கிட்டு ரூமுக்குப் போயிருக்காரு. வருவாரு. வந்து இந்தப் பையப் பாத்துக்கிட்டாருன்னா நான் பாட்டுக்கு எறங்கிப் போயிருவேன். வராம எங்க போவாரு?

எனக்கு வயிறு எரியுதுங்க. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, காலையில இருந்து எரியுது. காலையில இருந்துன்னு ஏன் சொல்றேன், ஆவணி மாசத்துல இருந்து எரியுது.

ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழம, எம் மகன் பிரசாத் பெங்களூர்ல இருந்து வீடியோ கால்ல வந்தான். 'அப்பா, பொங்கலுக்கு அந்தமான் போறோம், ஸ்கூபா டைவிங் பண்றோம்'னான். நான் அடுப்படியில இருந்து கரண்டியோட எட்டிப் பாத்து, 'அது என்னடா'ன்னேன். முதுகுல காத்து சிலிண்டரக் கட்டிக்கிட்டு கடலுக்கு அடியில போறதும்மா, மீனெல்லாம் மூக்குக்கு முன்னாடி போகும்னான். நான் கரண்டியக் கீழ வச்சுட்டேன். லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னு வளந்தவ நான். அரை மணி நேரம் தலையோட தண்ணிக்குள்ள இருக்கலாம், குனிஞ்சு நிமிந்து மோந்து ஊத்த வேணாம், எவளும் 'அடுத்த ஆளு நிக்குது'ன்னு சொல்ல மாட்டான்னா, யாருக்குத்தான் ஆசை வராது? நான் வாயத் தொறந்து சொல்லல. சொல்லணுமா? குடும்பத்தோட போறோம்னா நானும் சேத்திதானே?

நாலு மாசம் வீட்டுல இதே பேச்சுங்க. அவரு இரும்புக் கடைய சாத்திட்டு எட்டு மணிக்கு வருவாரு, வந்ததும் போன எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு வீடியோவாப் பாப்பாரு. 'ஏய் மங்கை, ஆமையப் பாருடி, எம்புட்டுப் பெருசு'ம்பாரு. அறுபத்தோரு வயசு. கடையத் தவிர ஒண்ணும் தெரியாத மனுஷன். மதுரைக்குப் போயி முட்டி வரைக்கும் ஒரு டவுசர் வாங்கிட்டு வந்தாரு, பூப்போட்டது. அதப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி கையக் கைய விரிச்சு நீச்சலடிச்சுப் பாத்தாருங்க. நான் கதவிடுக்குல பாத்துட்டு வந்துட்டேன். சிரிப்பு வரல, ஆத்திரம்தான் வந்துச்சு.

என்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? முறுக்கு எத்தன படி சுடுறதுன்னு கேட்டாங்க. புளிக்காய்ச்சல் எத்தன நாளைக்குக் கெடாதுன்னு கேட்டாங்க. 'அம்மா, பிளைட்ல ஊறுகாய் விட மாட்டாங்கம்மா, பெரிய பையில போட்டு அனுப்பிரலாம்.' இதுதான் எனக்கு வந்த சேதி. அப்படியும் நான் தப்பா நெனைக்கல. தீபாவளிக்கு மகனும் மருமகளும் வந்திருந்தப்ப, அபிநயா, அதான் எம் மருமக, அந்தப் பிளானக் காட்டுச்சு. கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாப் போட்டு வச்சிருக்கான் எம் மகன். எந்தக் கப்பல், எந்த ஹோட்டல், எத்தன மணிக்குக் காப்பி, எல்லாம் இருக்கு. மூணாம் நாளுக்கு நேரா, ஸ்கூபா, அப்பா, பிரசாத், அபி. அதுக்குக் கீழ அடுத்த கட்டத்துல, அம்மா, பீச், பைகள்.

பைகள்! பாத்துக்கோங்க. எனக்கும் பைக்கும் சேத்து ஒரே கட்டம்.

'ஏன்டா, எம் பேரு எங்கடா'ன்னேன். அவன் தலையத் தூக்காமச் சொல்றான், 'தாலி, மெட்டி, தோடு எல்லாத்தையும் கழட்டணும்னு ரூல் போட்டிருக்காம்மா. நீ தாலியக் கழட்ட மாட்டியே. அதான் நானே வேணாம்னு சொல்லிட்டேன். உனக்கெதுக்கு சிரமம்?'

நானே சொல்லிட்டேன். உனக்கெதுக்கு சிரமம். கேட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை, ஒத்த வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வாயில்லாத மாடா நானு? இவரு ஊஞ்சல்ல உக்காந்து பல்லுக் குத்திக்கிட்டே, 'அவ கழட்ட மாட்டாடா, எனக்குத் தெரியாதா'ங்கிறாரு. என்ன தெரியும் இந்த மனுஷனுக்கு? எம் மகன் காலேஜ் சேந்தப்ப அந்தத் தாலிச் சரடு பேங்குல அடகா எட்டு மாசம் கெடந்துச்சு. எட்டு மாசம் மஞ்சக்கயித்துல விரலி மஞ்சளக் கட்டிக்கிட்டுத்தான் நான் கோயிலு கொளம், கல்யாணம் காச்சின்னு போனேன். அப்ப ஒருத்தரும் ஐயோ தாலின்னு பதறல. நான் கடல்ல எறங்கணும்னா மட்டும் அப்பனுக்கும் மகனுக்கும் தாலி மேல எங்க இருந்து இம்புட்டுப் பக்தி வந்துச்சு?

அத நான் சொல்லிக் காட்டல. தீபாவளி அன்னைக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். ஆனா உள்ள கொதிச்சது கொதிச்சதுதான்.

நீங்க தனியாவா வந்தீங்க? நெசமாவா? வீட்டுல விட்டாங்களா? பரவாயில்லையே. பையும் இல்ல, ஒரு துண்டு மட்டும்தானா? குடுத்து வச்சவங்க. என்னையப் பாருங்க, மூணு பை. நாலு பேரு துணி, நாலு பேரு செருப்பு, முறுக்கு டப்பா, மாத்திரை டப்பா. டைவிங் கடையில ஒரு பெட்டி இருக்கு, அதுல வச்சுட்டு வாங்கன்னு சொன்னாங்க. அதுல தொங்குற பூட்டப் பாத்தீங்களா? எங்க சாமி உண்டியலுக்குக்கூட அதவிடப் பெரிய பூட்டுப் போட்டிருக்கேன். நான் எங்க அதுல வைக்கிறது?

இது இன்னைக்கு நேத்து சமாச்சாரம் இல்லைங்க. எனக்குக் கல்யாணம் ஆகி மூணாம் மாசம் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வேன் பிடிச்சு, பதினோரு பேரு. நான் அதுவரைக்கும் அருவின்னா காலண்டர்லதான் பாத்திருக்கேன். ஐந்தருவிக்கு முன்னாடி வேன் நின்னதும் சத்தம் கேக்குது, சாரல் மூஞ்சியில அடிக்குது, எனக்குக் காலு தரையில நிக்கல. எங்க மாமியா கழுத்துச் செயின், வளையல், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி ஒரு துண்டுல முடிஞ்சாங்க. என் மடியில வச்சாங்க. 'நீ இதப் பாத்துக்கம்மா. புதுசாக் கட்டிட்டு வந்த புள்ள, பொறுப்பான புள்ள'ன்னாங்க. 'அத்தை, நானு'ன்னேன். 'நீ அடுத்த சீசனுக்குக் குளிச்சுக்கலாம், அருவி எங்க ஓடியா போகுது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பத்து பேரும் போயிட்டாங்க. இவரும்தான். திரும்பிக்கூடப் பாக்கல.

ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து ஈரத்துணியையும் என் பக்கத்துலயே போட்டாங்க. நான் எந்திரிச்சேன். டிரைவர் ஆரன் அடிச்சுட்டான்.

அடுத்த சீசனுக்கு நான் மாசமா இருந்தேன். அதுக்கு அடுத்த சீசனுக்குக் கைப்புள்ள. பெறகு ஒரு வருஷம் போனா அருவியில சொட்டுத் தண்ணி இல்ல. ஓடியா போகுதாம்ல! ஓடித்தான் போச்சு. அந்தப் பேச்ச இன்னைக்கு யாரு சொன்னாலும் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ராமேஸ்வரம் போனோம். எல்லாரும் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடுனாங்க, நான் வாசல்ல பையோட. பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில எல்லாரும் ராட்டினம் ஏறுனாங்க, நான் எட்டு ஜோடிச் செருப்புக்குக் காவல். கொடைக்கானல்ல படகு. படகுல மூணு பேருதான் ஏறலாம்னுட்டான், அது யாரு எறங்குறதுன்னு ஒருத்தரு ஒருத்தர் மூஞ்சியப் பாக்கல, எல்லாம் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க. முப்பது வருஷமாங்க. போட்டோ ஆல்பம் எடுத்துப் பாருங்க, ஒரு போட்டோவுலயாவது நான் ஈரமா இருக்கேனான்னு பாருங்க. ஏதோ ஒரு பையோட ஓரமா நிப்பேன்.

சரின்னு இந்தத் தடவை நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடல. நம்ம டாக்டரம்மா தனலெட்சுமிகிட்டப் போனேன். காதப் பாரு, மூக்கப் பாரு, பிரஷரப் பாருன்னேன். நூத்தி இருவதுக்கு எம்பது. சுகர் கெடையாது. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டுச்சு, 'போயிட்டு வந்து எனக்குக் கதை சொல்லணும்'னுச்சு. அத நாலா மடிச்சு மணிபர்ஸ்ல வச்சேன். மீனாட்சி கோயில் வாசல்ல மஞ்சக்கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வச்சேன்.

பெறகு, வாயால மூச்சு விட்டுப் பழகணும்ல? இவரு பாத்துட்டு அப்படியே போட்டுட்டுப் போன வீடியோவையெல்லாம் நான் மத்தியானத்துல உக்காந்து பாப்பேன். மூக்குல துணிக்கிளிப்ப மாட்டிக்கிட்டு சாம்பார் வச்சேன். வாசனை தெரியாம ரெண்டு நாள் உப்பு தூக்கலாப் போயிருச்சு. பாத்ரூம்ல பெரிய டிரம்முல தண்ணிய நெப்பி, தலைய உள்ள விட்டுக் கண்ணத் தொறந்து பாப்பேன். டிரம்முக்கு அடியில என்ன இருக்கும்? பாசிதான் இருக்கும். அதையே பாத்துக்கிட்டு இருப்பேன். ஈரத் தலையோட வந்தா, 'என்னடி நேரங்கெட்ட நேரத்துல குளிக்கிற'ம்பாரு. அம்புட்டுதான். ஏன்னு கேக்கணும்னு தோணாது.

தைரியமா வாய விட்டும் ஒரு தடவை கேட்டுப் பாத்தேன், அதையும் சொல்லிர்றேன். முந்தாநேத்து கப்பல்ல வர்றப்ப அபிநயாகிட்ட மெதுவாச் சொன்னேன், 'ஏம்மா, நீ சின்னப்புள்ள, உனக்கு இன்னும் எத்தனையோ தடவை வாய்க்கும். இந்த ஒரு தடவை நீ பையப் பாத்துக்க, நான் போயிட்டு வந்துர்றேன்'னு. என்ன தப்பு இதுல? அதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிருச்சு. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு விட்டுக்குடுக்குறதுன்னா என்னன்னே தெரியலைங்க.

என்ன சொன்னீங்க? நேத்தும் வந்தீங்களா? காத்துன்னு திருப்பி அனுப்பிட்டாங்களா? அடடா. நாளைக்குக் காலையில கப்பலா? ஊருக்கேவா? சரி சரி. அது கெடக்கட்டும், இன்னைக்குக் காலையில நடந்ததக் கேளுங்க.

விடியக்காலம் அஞ்சரைக்கு எந்திரிச்சுக் குளிச்சேன். அம்மன நெனச்சுக்கிட்டு முதல்ல மஞ்சக்கயித்தக் கட்டுனேன். கட்டிட்டுத்தான் சரட்டக் கழட்டுனேன். ஒரு நிமிஷம்கூட என் கழுத்து சும்மா இல்ல, பாத்துக்கோங்க. ஒம்பது பவுன். அத ஒரு கைக்குட்டையில சுத்தி வச்சுட்டேன். எங்கன்னு பெறகு சொல்றேன். மெட்டிதான் வர மாட்டேன்னு அடம் புடிச்சுச்சு, தேங்கா எண்ணெயப் போட்டு இழுத்தேன். முப்பது வருஷத் தழும்பு பாருங்க, விரல் எப்படி இருக்குன்னு.

ஏழு மணிக்குக் கடைக்கு வந்தோம். மகனும் மருமகளும் படகுல உள்கடலுக்குப் போறாங்க, மத்தியானம்தான் வருவாங்க. அப்பாவுக்கு வயசாச்சுல, அதனால இந்தக் கரையோரமாவே. அதுதான் பிளான். ரோஸ்லின் ஒரு தாள நீட்டுச்சு. அந்தப் பொண்ணுக்கு ஊரு இந்த அந்தமான்லயே ரங்கத்தாம், தாத்தா காலத்துல தஞ்சாவூர்ல இருந்து வந்த குடும்பமாம், தமிழ் நல்லாப் பேசுது. நெஞ்சு வலி இருக்கா, ஆஸ்துமா இருக்கா, மாத்திரை சாப்பிடுறீங்களான்னு அந்தத் தாள்ல இருவது கேள்வி. எம் மகன் வாங்கி அப்பாவுக்கு விறுவிறுன்னு இல்ல, இல்ல, இல்லன்னு கோடு போட்டான். ரோஸ்லின் வாயாலயும் ஒரு தடவை கேட்டுச்சு. 'அங்கிள், மாத்திரை ஏதாவது?' இவரு வயித்த உள்ள இழுத்துக்கிட்டு, 'ஒண்ணும் கெடையாது, நான் இரும்புக் கடைக்காரன், இரும்பு மாதிரி இருக்கேன்'ங்கிறாரு. பூப்போட்ட டவுசரு வேற.

நான் பைய எடுத்தேன். மாத்திரை டப்பாவ எடுத்து அந்தப் பொண்ணுக்கு முன்னாடி மேசையில வச்சேன். காலையில மூணு, ராத்திரி ரெண்டு. பிரஷருக்கு, சுகருக்கு, போன வருஷம் நெஞ்சுல படபடப்புன்னு டாக்டர் எழுதிக் குடுத்தது. எல்லாம் பேரு போட்ட அட்டையோட இருக்கு. முப்பது வருஷமா நான்தானே பை? பையில என்ன இருக்குன்னு பைக்குத் தெரியாதா?

ரோஸ்லின் டப்பாவப் பாத்துச்சு, அவரப் பாத்துச்சு. 'ஸாரி அங்கிள், உங்கள விட முடியாது'ன்னுருச்சு. நெஞ்சு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் உண்டாம்.

அவரு மூஞ்சியப் பாக்கணுமே. சின்னப்புள்ள கையில இருந்து மிட்டாயப் பிடுங்குன மாதிரி ஆயிருச்சு. என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நான் பதிலுக்கு மணிபர்ஸத் தொறந்து சர்ட்டிபிகேட்ட எடுத்து நீட்டுனேன். 'அவரு இடம் காலியாத்தானே இருக்கு? எனக்குக் குடு தாயி. கயித்தோட போலாமா'ன்னேன். அந்தப் பொண்ணு என் கழுத்தப் பாத்துட்டு, 'கயிறுன்னா பரவாயில்ல ஆன்ட்டி, சட்டைக்கு உள்ள விட்டுக்கோங்க'ன்னுச்சு. அம்புட்டுதாங்க! தீபாவளியில இருந்து ஆகாது ஆகாதுன்னாங்களே, ஒத்த நிமிஷத்துல முடிஞ்சு போச்சு.

அவரு கத்துனாரு பாருங்க. கடையில இருந்த வெள்ளைக்காரன்கூடத் திரும்பிப் பாத்தான். 'காட்டிக் குடுத்துட்டியேடி. போ, நீயே போ. போயி மீனுக்கெல்லாம் புளிக்காய்ச்சல் ஊத்திச் சோறு போட்டுட்டு வா'ன்னுட்டு விறுவிறுன்னு ரூமுக்குப் போயிட்டாரு. டவுசரோட. செருப்பக்கூடப் போடல, அதுவும் இந்தப் பையிலதான் இருக்கு.

எம் மகன் படகுல ஏறப் போறவன் நின்னு என்கிட்டக் கேக்குறான், 'அம்மா, அப்பாவுக்கு ஏதும் ஆயிரக் கூடாதுன்னு சொன்னியா, இல்ல அந்த இடம் வேணும்னு சொன்னியா?' இது ஒரு கேள்வியாங்க? பெத்த தாயப் பாத்துக் கேக்குற கேள்வியா? மாத்திரை இருக்குன்னேன். இருந்துச்சுல? உண்மையச் சொல்றதுக்குக் காரணம் வேற சொல்லணுமா? தண்ணிக்குள்ள அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா யாரு கெடந்து அழுவுறது? ராத்திரி அந்த மனுஷன் தூங்கவே இல்லங்க, நாளைக்கு ஆமை தெரியுமா தெரியுமான்னு பொரண்டு பொரண்டு படுத்தாரு. அது எனக்கும் தெரியும். தெரிஞ்சா? நான் முப்பது வருஷம் பொரண்டேனே, அதுக்கு?

இருங்க, ஒரு தடவை போன் போட்டுப் பாக்குறேன்.

அடிக்குது. எடுக்க மாட்டேங்கிறாரு. வேணும்னே எடுக்க மாட்டேங்கிறாரு பாருங்க. நான் எறங்க முடியாம இங்கயே கெடக்கணும், அதானே? இந்தப் பைய வச்சே என்னையக் கட்டிப் போட்டுரலாம்னு நெனைக்கிறாரு. பெறகு சாயங்காலம் வந்து, 'என்ன, போகலையா'ன்னு சிரிப்பாரு. நல்லாத் தெரியும் எனக்கு.

மணி என்ன? பத்து முப்பத்தஞ்சா? தண்ணி எறங்குற மாதிரிதான் இருக்கு. அந்தக் கல்லு நான் வந்தப்ப முங்கியிருந்துச்சு, இப்ப தலை தெரியுது. பாருங்க, பாருங்க, ரோஸ்லின் வருது. அந்த மஞ்ச சிலிண்டர் எனக்குத்தான்னு நெனைக்கிறேன். ஐயோ, எனக்கு இருப்புக் கொள்ளலைங்க. பயம் இல்ல. ஐம்பத்தி நாலு வயசுல முதல் தடவையா என் பேரச் சொல்லிக் கூப்புடப் போறாங்க, அதுதான்.

கேட்டீங்களா? மங்கையர்க்கரசின்னு கூப்புடுது! இந்தா வந்துட்டேன் தாயி!

தமயந்தியா? தமயந்தி யாரு, நீங்களா? அட, இம்புட்டு நேரமாப் பேசுறோம், உங்க பேரக்கூடக் கேக்கல பாருங்க. நல்ல பேரு.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, உக்காருங்க தங்கச்சி. நான் சொல்றதக் கேளுங்க. இத யாருகிட்ட விட்டுட்டுப் போறது? நீங்களே சொல்லுங்க. இந்திக்காரங்ககிட்டயா விட முடியும்? உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுருச்சு, பொறுப்பான ஆளுன்னு. இந்தப் பைய மடியில வச்சுக்கோங்க. கீழ வைக்காதீங்க. முறுக்கு டப்பாவுக்கு அடியில கைக்குட்டை இருக்கு, சரடு அதுலதான். பசிச்சா முறுக்கு எடுத்துச் சாப்பிடுங்க, மேல இருக்குற நாலு வரிசைய மட்டும். அதுக்குக் கீழ கைய விட வேணாம்.

ரோஸ்லின்! ஏ ரோஸ்லின்! இவங்க வரலையாம் தாயி! இவங்களுக்குப் பரவாயில்லையாம்! நான் மட்டும்தான்!

நானே சொல்லிட்டேன் தங்கச்சி, உங்களுக்கெதுக்கு சிரமம். ஒரு அரை மணி நேரம்தான். அந்தா போயிட்டு இந்தா வந்துருவேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க? நீங்க சின்ன வயசு, தனியாளு, நெனச்சா நெனச்ச நேரத்துக்கு வருவீங்க. அடுத்த தடவை வந்து பாத்துக்கோங்களேன். கடல் எங்க ஓடியா போகுது?